கமரா சோகேஸில், படங்கள் சொப்பின் பையில்

பழைய கமரா வைச்சிருக்கிறது இப்ப ஒரு ஸ்டைல். அப்பப்பாவின் யாஷிகாவைத் துடைத்து, பக்கத்தில் ஒரு பிளேன்டீயும் வைத்து ஸ்டோரி போடாத ஆட்கள் எங்கட செட்டில் குறைவு. போடுங்கோ, பிழையில்லை. ஆனால் அந்தக் கமராவால் எடுத்த படங்கள் எங்கே? "அம்மாட்டத்தான் கேக்கோணும். அலுமாரிக்கு மேல ஒரு சொப்பின் பைக்குள்ள கிடக்கும்." அனேகமான வீடுகளில் இதுதான் பதில்.

கமராவைக் காப்பாற்றிவிட்டுப் படங்களைக் கைவிடுவது மரபைப் பேணுவது இல்லை. அது வீட்டு அலங்காரம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் வெளிக்கிட்டபோது காணி உறுதி, அடையாள அட்டை, நகையோடு அல்பத்தையும் பைக்குள் திணித்தவர்கள் இருக்கினம். வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கினம். சோதனைச்சாவடிக்குப் பயந்து சொந்தப் பிள்ளையின் படத்தைத் தாங்களே எரித்தவர்களும் இருக்கினம். வன்னியில் 2009இல் ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் எத்தனையோ. இவ்வளவுக்கும் தப்பி வந்த படங்களைத்தான் நாங்கள் இப்ப கறையானுக்கும் ஈரத்துக்கும் குடுத்துக்கொண்டிருக்கிறம். ஒவ்வொரு யூன் மாதமும் 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றிப் பதிவு போடுற எங்களுக்கு, வீட்டு அலுமாரிக்குள் நடக்கிற அழிவு தெரியேல்லை.

"எல்லாத்தையும் போனில எடுத்தாச்சு, வட்ஸ்அப் குறூப்பில கிடக்கு" என்று சிலர் சொல்லுவினம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெருப்பித்தால் முகம் கலங்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த முகம் ஆருடையது என்று குறூப்பில் ஒருத்தருக்கும் தெரியாதது. எங்கட வீட்டில் ஒரு கோயில் திருவிழாப் படம் இருக்கு. ஏழு பேர் நிற்கினம். அம்மம்மா இருந்தபோது நான் கேட்கவில்லை. இப்ப மூன்று பேருக்குத்தான் பெயர் இருக்கு. மற்ற நாலு பேரும் "ஆரோ". அவையளைச் சண்டை அழிக்கேல்லை, என்ர அலட்சியம்தான் அழிச்சது.

ஆகவே முதல் வேலை பெயர்கள். வீட்டில் வயது கூடினவரோடு அல்பத்தை விரித்து இருங்கோ. ஆர், எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டுப் போனில் குரலைப் பதியுங்கோ. படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கோ. பேனை வேண்டாம், மை ஊறும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதுக்கு ஒரு கடித உறையில் எழுதி, படத்தை உள்ளே வையுங்கோ. பசை ஒட்டும் அல்பம் படத்தை மஞ்சளாக்கும். லமினேற் செய்தால் திருப்பிக் கழற்ற ஏலாது. ஸ்கான் செய்தால் குறைந்தது 600 டிபிஐ. செய்து முடிந்தாலும் மூலப்படத்தையும் நெகற்றிவ்வையும் எறியாதேங்கோ.

இஞ்சை அழிந்த படம் வேற எங்கேயாவது இருக்கலாம். அந்தக் காலத்தில் கலியாணப் படத்தின் பிரதி கடிதத்தோடு கொழும்புக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் போனது. மாமிமாரிடம் கேளுங்கோ. வீட்டுக்கு வெளியே பகிரலாம் என்று குடும்பம் சம்மதித்தால் நூலக நிறுவனத்தோடு கதையுங்கோ. எண்ணிம ஆவணப்படுத்தலை அவர்கள் 2005இல் இருந்து செய்து வருகிறார்கள்.

கமராவையும் விடச் சொல்லவில்லை. தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்படும் உலர்ந்த இடத்தில் வையுங்கோ. 35 மிமீ கமரா என்றால் பின்மூடியைத் திறக்க முதல் றிவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றிப் பாருங்கோ. இறுகினால் உள்ளே ரோல் இருக்கு. ஒரு சிநேகிதன் ரீல்ஸுக்காகச் சட்டென்று திறந்தான். உள்ளே கழுவாத ரோல் ஒன்று இருந்தது. அதில் ஆர் இருந்தார்கள் என்று இனி ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை.

இந்த ஞாயிறு கமராவைத் துடைக்க வேண்டாம். சொப்பின் பையை இறக்குங்கோ.