முதல் ரீடிங் எங்கே?

எம்.எட். படிக்கிற எங்க அக்காவோட ஆய்வு, சங்ககிரி லாரி டிரைவர்கள் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இல்லம் தேடிக் கல்வி உதவுச்சா என்பது. நல்ல தலைப்பு. ஆனா முதல் வாரமே கூகுள் ஃபார்ம் ரெடி: ‘பயன்பட்டதா? ஆமாம் / இல்லை’.

நம்ம லேப்ல ஆரம்ப நீளத்தை அளக்காம கம்பியை இழுத்தா, எவ்வளவு நீண்டுச்சுன்னு ரெக்கார்டுல எழுத முடியுமா?

“போன பிள்ளைங்களையும் போகாதவங்களையும் ஒப்பிட்டுக்கறேன்”னாங்க அக்கா. எனக்கு அது பத்தல. பிள்ளையைத் தவறாம அனுப்பின வீடு, முன்னாடியே படிப்புல அக்கறையான வீடா இருக்கலாமே.

கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே ஊர்களில், அதே வயசுப் பிள்ளைங்களோட 2019 மதிப்பெண் அவங்க கையில் இருந்தது. 2021 டிசம்பரில் சோதித்துவிட்டு, மறுபடியும் போய்ச் சோதித்தார்கள். அதனாலதான் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

அக்காகிட்ட இருக்கறது ஒரு ஸ்கூட்டியும் ஆறு மாசமும்தான். (பெட்ரோல் அப்பா காசு.) 2021-க்குத் திரும்பிப் போகவும் முடியாது. அப்போ மாத்த வேண்டியது கேள்வியைத்தான். ரெண்டு பள்ளி, ஒண்ணுல மட்டும் இந்த டெர்ம்ல மாலை வாசிப்பு வகுப்பு. ரெண்டுலயும் முன்னாடி ஒரு தேர்வு, பின்னாடி ஒரு தேர்வு. பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் இருக்கும்தான், ஆனா தொடங்கின இடமாவது தெரியும்.

அக்கா இன்னும் முழுசா ஒத்துக்கல. ஃபார்ம் லிங்கை மட்டும் ஃபேமிலி குரூப்ல இருந்து டெலீட் பண்ணிட்டாங்க.