உயரமும் அஸ்திவாரமும்

திருவண்ணாமலையில் வாழும் எங்களுக்கு உயரம் புதிதன்று. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்ட அருணாசலேசுவரர் ஆலயத்தின் கீழைக் கோபுரம், 11 நிலைகளுடன் 217 அடி உயர்ந்து, நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. சென்னையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தை ஒரு காலத்தில் மக்கள் அண்ணாந்து பார்த்து வியந்தனர். இன்றோ அதனினும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்த அடுக்குமாடிகள் அங்கே எழுந்துவிட்டன.

உயரம் குற்றமன்று. ஆனால், உயர்ந்த கட்டடங்களைக் கட்டுவதில் மக்கள் போட்டியிடுவதை இறுதி நாளின் அடையாளங்களுள் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். போட்டி மிகும்போது அஸ்திவாரம் மறந்துபோகிறது.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். அருகிலிருந்த அதன் இணைக் கட்டடமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சகோதரர்களே! வீடு வாங்கச் செல்லும் நாம், எத்தனையாவது மாடி, என்ன விலை, காற்று வருமா என்றெல்லாம் கேட்கிறோம். மண் பரிசோதனை முறையாக நடந்ததா, தூண்களின் வலிமைக்குப் பொறியாளர் பொறுப்பேற்றுள்ளாரா, சாரத்தில் நிற்கும் கூலியாளின் உயிருக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்கிறோமா? அவ்வுயிர்கள் கட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அன்றோ! கேளாமலே பணத்தை எண்ணிக் கொடுக்கும் நாமும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்களே.

முதலில் அஸ்திவாரத்தைக் கேட்போம். உயரத்தைப் பிறகு வியப்போம்.