தாயின் உடல்நலமும் மகளின் பூப்பும்

சிறுமியொருத்தி தன் தோழியரினும் ஈராண்டு முந்திப் பூப்பெய்திவிட்டால், சுற்றத்தார் அதற்குக் காரணங் கற்பிக்கத் தவறுவதில்லை. உண்ட கோழியிறைச்சி என்பார் ஒருவர். பார்த்த சினிமா என்பார் வேறொருவர். பெற்றவளின் கவனக்குறைவு என்று முடிப்பார் மூன்றாமவர். இவர்கள் எண்ணிப்பாராத ஒரு காலத்தை ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டுகின்றனர். அப்பெண் தாய்வயிற்றில் வளர்ந்த காலமே அது.

பூப்பின் வயது என்றும் மாறாத ஒன்றன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஐரோப்பியப் பெண்கள் 16, 17 வயதளவிற் பூப்பெய்தினர். 1960களில் அது 13 வயதளவிற்கு இறங்கிவிட்டது. நல்லுணவும் நோய்க்குறைவுமே இதற்குத் தலையாய காரணங்கள். அந்த அளவில் இது நன்மையே. எனினும், வயது மேலும் மேலும் முந்துவது நன்றன்று. முதற் பூப்பு ஓராண்டு முந்துமாயின், பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 வீதம் கூடுகிறது என 2012இல் வெளியான பேராய்வொன்று கணித்தது.

பூப்பு நிகழும் முறை யாது? மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி கபச்சுரச் சுரப்பிக்கு ஆணையிடுகிறது. அச்சுரப்பி சூலகங்களைத் துயிலெழுப்புகிறது. அந்த ஆணை பிறக்கும் நேரத்தை உடலின் கொழுப்பும் ஓரளவு தீர்மானிக்கும். கொழுப்புக் கலங்கள் சுரக்கும் இலெப்டின் என்னும் ஓமோன், சேமிப்புப் போதுமென மூளைக்கு அறிவிக்கும் தூதுவனாகும். 1994ஆம் ஆண்டிலேயே இது கண்டறியப்பட்டது.

இங்கேதான் தாயின் உடல்நலம் வந்து புகுகின்றது. கர்ப்ப காலத்தில் தாயின் குருதியில் வெல்லம் மிகுந்தால், அது சூல்வித்தகத்தைக் கடந்து குழந்தையை அடைகிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு கடப்பதில்லை. ஆகவே, குழந்தை தானே மிகுதியாக இன்சுலினைச் சுரந்து, கொழுப்பைச் சேர்த்துப் பருக்கிறது. உடல் உணவை ஆளும் முறை பிறக்குமுன்னரே ஒருவாறு பதிந்துவிடுகிறது என்பது அறிஞர் கருத்து.

அமெரிக்காவின் வட கலிபோர்ணியாவில் 15,000க்கு மேற்பட்ட சிறுமியரை ஆராய்ந்த முடிவுகள் 2018இல் வெளிவந்தன. கர்ப்பத்தின்போது மிகப் பருத்திருந்த தாய்மாரின் புதல்வியர்க்குப் பருவமாற்றத்தின் முதற் குறியான மார்பக வளர்ச்சி முந்தித் தொடங்கக் காணப்பட்டது. சிறுமியரின் சொந்த எடையைக் கணக்கிலெடுத்த பின்னரும் அத்தொடர்பு மறையவில்லை. தாயின் குருதியில் வெல்லம் மிகுந்திருந்தமைக்கும் பருவமாற்றத்தின் வேறொரு குறி முந்துவதற்கும் தொடர்பு தென்பட்டது.

தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது. பரம்பரையும், மகளின் உணவும், ஓடியாடும் பழக்கமும் தத்தம் பங்கை ஆற்றுகின்றன. ஆதலின் இவ்வாராய்ச்சியைத் தாயின்மீது பழிசுமத்தும் கருவியாக்குதல் பெரும் பிழை. கர்ப்பிணியின் உடல்நலம் அவள் ஒருத்தியின் பொறுப்பன்று. இருவருக்கு உண்ண வேண்டுமென்று இனிப்பையும் சோற்றையும் ஊட்டுவோர் வீட்டார். வெல்லப் பரிசோதனைக்குக் கிளினிக் செல்ல ஓய்வு தராதவரும் வீட்டாரே. பரிசோதனையைத் தவறவிடாதிருத்தல், காய்கறியும் பருப்பும் மீனும் அளவறிந்து உண்ணல், மருத்துவர் தடுக்காவிடில் நாள்தோறும் சிறிது நடத்தல் ஆகியவற்றுக்கு வழிசெய்வது கணவனதும் மாமியாரதும் கடமையாகும்.

எட்டு வயதுக்குமுன் பருவக்குறிகள் தோன்றின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அதன்பின் முந்திப் பூப்பெய்தும் பெண்ணுக்கு வேண்டுவது அன்பும் விளக்கமுமே. சாமத்தியச் சடங்கு முடிந்ததும் அவளைப் பெரியவளென்று கருதி விளையாட்டை நிறுத்துவதும், வீட்டுச் சுமையை ஏற்றுவதும் தகாது. உடல் முந்தினாலும் உள்ளம் தன் வயதிலேயே நிற்கும். பத்து வயதிற் பூப்பெய்தியவள் பத்து வயதுக் குழந்தையே.