பொதி கட்டும் முறைக்கும் காசா?

கணக்காளருக்கு அனுப்பும் பில்கள், கொழும்புக் கம்பனிகளிலிருந்து வரும் சரக்குப் படங்கள் எல்லாம் இன்று சுருக்கிக் கட்டிய பைல்களாகவே போய் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த கடைக் கொம்பியூட்டர்களில் இதற்கென்று இருப்பது பெரும்பாலும் வின்ரார். அதை 40 நாள் பரீட்சித்துப் பார்க்கலாம். பிறகு காசு கட்ட வேண்டும், அல்லது அகற்றிவிட வேண்டும். நாள் கடந்தும் அது வேலை செய்கிறது என்பதற்காக நம்மவர்கள் பேசாமல் இருந்து விடுகிறார்கள். தராசில் ஒரு கிராம் குறையக்கூடாது என்று பார்க்கும் நாம், இதுவும் பிறர் ஹக் என்று நினைப்பதில்லை.

இத்தனைக்கும் செவன்-சிப் என்ற இலவச சொப்ட்வெயார் இருக்கிறது. ரஷ்யரான இகோர் பவ்லோவ் 1999இல் வெளியிட்டது. வியாபாரத்துக்குப் பாவித்தாலும் ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. ரார் பைலை அது திறக்கும், ஆனால் உருவாக்காது. ரார் உரிமையாளர்கள் திறக்கும் நிரலை மட்டும் வெளியிட்டு, அதைக் கொண்டு சுருக்கும் வேலையைச் செய்யக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். சொந்தச் சரக்குக்குப் போட்ட நிபந்தனை, அதில் எனக்குக் குறையில்லை.

பேட்டன்ட் விடயம் வேறு. அமெரிக்காவில் டெரி வெல்ச் என்பவர் ஒரு சுருக்கும் முறையை 1984இல் சஞ்சிகையில் எழுதினார். மறு வருடம் அதற்குப் பேட்டன்ட் கிடைத்தது. பின்னர் அது யூனிசிஸ் கம்பனியின் கைக்குப் போனது. பேட்டன்ட் இருப்பது தெரியாமலே 1987இல் கொம்பியூசேர்வ் கம்பனி அம்முறையில் ஜிஃப் படங்களை உருவாக்கியது. உலகமெல்லாம் அது பரவிய பிறகு, 1994 டிசம்பரில் கட்டணம் கேட்கப்பட்டது. கடனைக் கொப்பியில் எழுதாமல் கொடுத்துவிட்டு ஏழு வருடம் கழித்துப் பில் அனுப்புவது போன்ற வேலை இது! இலவசமாக எழுதிக் கொடுத்தவர்கள் எங்கே போவார்கள்? பேட்டன்டைத் தவிர்த்து 1992இலேயே ஜீசிப்பை எழுதியிருந்தார்கள். படத்துக்கு 1995இல் பிஎன்ஜி வந்தது. அமெரிக்காவில் அந்தப் பேட்டன்ட் 2003 ஜூனில்தான் காலாவதியானது.

ஒருவர் மூடையில் 40 சாரம் வைக்கும் இடத்தில் 60 வைத்து இறுக்கிக் கட்டுகிறார். அந்த மூடை அவருடையது, எடுத்தால் களவு. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் தானாக யோசித்து அதேபோல் கட்டினாலும் காசு தா என்பதுதான் பேட்டன்ட். கண்டுபிடித்தவருக்குக் கூலி வேண்டாமா என்பீர்கள். வேண்டும், அவர் செய்த சொப்ட்வெயாரை விற்று எடுக்கட்டும்.

நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணித முறைகளுக்குப் பேட்டன்ட் கொடுப்பதில்லை; கணினி நிரலுக்குப் பதிப்புரிமை கொடுக்கிறது. இந்தியாவில் 2004 கடைசியில் அவசரச் சட்டத்தால் திறந்த கதவை, 2005இல் பாராளுமன்றமே மூடிவிட்டது. வர்த்தக ஒப்பந்தம் என்ற பெயரில் யாராவது இங்கே அதைத் திறக்க வந்தால், நமது வர்த்தக சங்கங்கள் வாய் திறக்க வேண்டும்.

அதுவரை, கொம்பியூட்டர் திருத்த வரும் தம்பியிடம் செவன்-சிப்பைப் போடச் சொல்லுங்கள். பைல் அனுப்பும்போது ராரை விட்டு சிப்பாகவே அனுப்புங்கள். வாங்குபவர் அதைத் திறக்க எதையும் தேடி ஓட வேண்டியதில்லை.