இலேசான சைக்கிள் சட்டம்: உலோகமா, செய்முறையா?

இலேசான சைக்கிள் எது என்ற வினாவுக்குப் பெரும்பாலோர் ஓர் உலோகத்தின் பெயரையே விடையாகக் கூறுகின்றனர். இரும்பு கனமானது, அலுமினியம் இலேசானது, கார்பன் இழை எல்லாவற்றிலும் இலேசானது என்னும் வரிசை பள்ளி மாணவருக்கும் மனப்பாடம். விற்பனையாளரின் விளம்பரங்களும் இதையே ஓதுகின்றன. இது முற்றிலும் பொய்யன்று. எனினும் பாதி உண்மையே. ஒரு சட்டம் இலேசாக அமைவதும் அமையாதிருப்பதும், அதைவிட முக்கியமாக அது உழைப்பதும் முறிவதும், அதைச் செய்த முறையினாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றன. இவ்வுண்மை வகுப்பறைகளில் போதிக்கப்படாமையால் விளையும் நஷ்டம், கடைசியில் சைக்கிளை மிதிப்பவர் தலையிலேயே வந்து விழுகின்றது.

முதலில் எண்களைக் காண்போம். எஃகின் அடர்த்தி நீரைப்போல் 7.85 மடங்கு, டைட்டேனியத்தினுடையது 4.5, அலுமினியத்தினுடையது 2.7. வளையாது நிற்கும் தன்மையைக் குறிக்கும் யங் குணகமோ எஃகிற்கு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், டைட்டேனியத்திற்கு 110, அலுமினியத்திற்கு 70. குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் மூன்றுக்கும் விடை 25ஐ ஒட்டியே வருகின்றது. அதாவது, எடைக்கு எடை நோக்கின் விறைப்பில் இம்மூன்று உலோகங்களுக்கும் வேற்றுமை இல்லையென்றே கூறலாம். அலுமினியம் மூன்றிலொரு பங்கு எடைதான். ஆனால் மூன்றிலொரு பங்கு விறைப்புத்தான். அங்ஙனமாயின் அலுமினியச் சட்டம் இலேசாக இருப்பது எவ்வாறு?

விடை உலோகத்தில் இல்லை, குழாயின் உருவத்தில் இருக்கின்றது. மெல்லிய சுவருடைய குழாயின் எடை அதன் விட்டத்தையும் சுவரின் தடிப்பையும் பெருக்கிய அளவில் வளர்கின்றது. அதன் விறைப்போ விட்டத்தின் மும்மடியையும் தடிப்பையும் பெருக்கிய அளவில் வளர்கின்றது. விட்டத்தை இரட்டித்துச் சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாது. விறைப்பு மட்டும் நான்கு மடங்காகும். கரும்பலகையில் இரண்டே வரிகளில் நிறுவக்கூடிய கணக்கு இது. எஃகிலும் இவ்வாறே செய்துகொண்டு போகலாமே எனின், ஓர் எல்லைக்குப் பின் எஃகுச் சுவர் தகர டப்பாவைப்போல் மெலிந்து, சிறு மோதலுக்கும் நசுங்கிவிடும். அலுமினியத்தின் அடர்த்தி குறைவாதலால், பெரிய விட்டத்திலும் நசுங்காத தடிப்பை அதற்கு அளிக்க முடிகின்றது. அமெரிக்காவில் கேரி கிளைன் என்பவர் 1970களில் தடித்த அலுமினியக் குழாய்களைக் கொண்டு சட்டம் கட்டியதும், கானண்டேல் நிறுவனம் 1983 முதல் அவ்வழியில் சென்றதும் இக்கணக்கின் பயனேயாகும்.

எஃகு தோற்றுப்போன உலோகம் என்று இதனால் முடிவு கட்டுதல் தவறு. எஃகின் வழி வேறு. மிதிவண்டிக் குழாயில் அதிக வேதனை அனுபவிக்கும் பகுதிகள் இரு நுனிகளே. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆயின் நுனியில் தடிப்பும் நடுவில் மெலிவும் இருந்தாற் போதுமன்றோ? பர்மிங்ஹாம் நகரில் ஆணி செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெய்னால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றது இக்கருத்துக்கே. நுனி தடித்த குழாய் என்று இதைத் தமிழில் வழங்கலாம். அதைச் செய்யும் விதம் மாணவருக்கு ஒரு நல்ல புதிர். நடுவே பருத்தும் இருபுறமும் சிறுத்தும் உள்ள ஓர் எஃகுக் கோலைக் குழாயினுள் செலுத்தி, இரண்டையும் சேர்த்து ஓர் அச்சுத் துளையின் வழியே இழுக்கின்றனர். வெளிப்புறம் சீராகவே இருக்கும். கோல் பருத்த இடத்தில் சுவர் மெலியும், சிறுத்த இடத்தில் தடிக்கும். இப்போது கோல் உள்ளே சிறைப்பட்டுவிட்டது. அதன் பருத்த வயிறு குழாயின் குறுகிய வாய்வழியே வெளிவருவது எங்ஙனம்? சாய்வாகப் பொருத்திய உருளைகளுக்கிடையே குழாயைச் சுழலவிட்டு அழுத்தினால், சுவர் மயிரிழையளவு விரிந்து கொடுக்கின்றது. கோலும் உருவி எடுக்கப்படுகின்றது. 1935இல் வெளிவந்த ரெய்னால்ட்ஸ் 531 என்னும் மாங்கனீசு - மாலிப்டினம் எஃகுக் குழாய், இம்முறையோடு சேர்ந்தே பல பத்தாண்டுகள் பந்தய சைக்கிள்களை ஆண்டது. நல்ல கைவினைஞர் கட்டிய அத்தகைய சட்டம் 2 கிலோகிராம் அளவிலேயே நின்றது. கோலும் உருளையும் இன்றி எஃகின் கலவை மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது.

குழாய் நன்றாக அமைந்தாலும் மூட்டில் எல்லாம் கெட்டுவிடலாம். இவ்விடத்தில் நம் மொழியே ஒரு தடங்கலை உண்டாக்குகின்றது. பட்டறையில் பிரேசிங் என்பதும் வெல்டிங் என்பதும் தமிழில் ‘பற்றவைத்தல்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கப்படுகின்றன. உண்மையில் அவை இருவேறு செயல்கள். முன்னதில் குழாய் உருகுவதில்லை. ‘லக்’ எனப்படும் மூட்டுக் கூட்டிற்கும் குழாய்க்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் உருகிய பித்தளை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தானே ஊர்ந்து பரவுகின்றது. வெள்ளிக் கலவையாயின் 700 டிகிரிக்கு உட்பட்ட வெப்பமே போதும். பின்னதிலோ இரு குழாய்களின் விளிம்புகளே உருகி ஒன்றாகின்றன. ‘பித்தளைப் பற்று’, ‘உருக்கிணைப்பு’ என இரு சொற்களைப் பாடநூல்களில் பிரித்து வழங்குவது நலம். சொல் பிரியாவிடத்துப் பொருளும் பிரிவதில்லை.

பிரிக்க வேண்டியதன் காரணம் வெப்பமே. வெப்பப் பதனிட்ட மெல்லிய எஃகு, மிகையாகச் சூடேறினால் தன் வலிமையை இழக்கும். 1970களில் வந்த ரெய்னால்ட்ஸ் 753 குழாய்க்கு வெள்ளிப் பற்றே விதிக்கப்பட்டது. தேர்ச்சி காட்டிய கைவினைஞருக்கு மட்டுமே அது விற்கப்பட்டது. 1990களில் வெளிவந்த 853 என்னும் எஃகு இதற்கு நேர்மாறானது. உருக்கிணைத்தபின் காற்றில் ஆறும்போதே மூட்டருகில் கடினமாகும் இயல்புடையது. மூட்டும் முறை மாறவே, அம்முறைக்கேற்ற உலோகத்தையே புதிதாக ஆக்கிக்கொண்டனர்.

அலுமினியத்தில் இவ்விஷயம் இன்னும் கடுமையானது. பரவலாகப் பயன்படும் 6061 என்னும் கலவை உருக்கிணைக்கப்பட்டதும் மூட்டருகில் ஏறக்குறையப் பாதி வலிமையை இழந்துவிடும். இழந்ததை மீட்க வேண்டுமாயின் சட்டம் முழுவதையும் உலையில் 530 டிகிரி வரை சூடேற்றி, உடனே குளிரச் செய்து, அது மிருதுவாயிருக்கும் சிறு பொழுதில் கோணல் நிமிர்த்தி, மீண்டும் 175 டிகிரியளவில் பல மணி நேரம் வைத்திருத்தல் வேண்டும். பெரிய தொழிற்சாலைக்கு இது அன்றாட வேலை. சாலையோரப் பட்டறைக்கு இயலாத காரியம். விரிந்த அலுமினியச் சட்டத்தை அங்கே கொண்டுசென்று ஒட்டி வாங்குபவர், ஒட்டின் பக்கத்திலேயே புதியதொரு பலவீனத்தையும் வாங்கி வருகின்றார். மேலும், ஓர் அளவுக்குட்பட்ட மீள்சுமைகளை எஃகு எத்தனை இலட்சம் முறையும் பொறுக்கும். அலுமினியத்திற்கு அத்தகைய தெளிவான எல்லை கிடையாது.

கார்பன் இழையைப்பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. அதன் வலிமை இழை ஓடும் திசையில் மட்டுமே உள்ளது. பிசின் ஊட்டிய துணித்துண்டுகளை எத்திசையில், எத்தனை அடுக்காக, சுருக்கமும் காற்றுக் குமிழும் இன்றி அச்சில் இடுகின்றனர் என்பதே அதன் தரம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிள், குழாய்களே இல்லாத ஒரே வார்ப்புருவாக இருந்ததை நினைவுகூர்ந்தாற் போதும். ஆளற்ற யந்திரங்கள் ஆக்குவன என்று பலர் எண்ணும் இச்சட்டங்கள் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே அடுக்கப்படுகின்றன என்பது ஒரு வேடிக்கை.

நம் நாட்டுக்கு இவற்றால் ஆவதென்ன? தமிழ்நாட்டில் 2001இலும், பீகாரில் 2006இலும், மேற்கு வங்கத்தில் 2015இலும் தொடங்கப்பெற்ற திட்டங்களால் இலட்சக்கணக்கான மாணவியர் சைக்கிள் பெற்றனர். பழைய பாணிச் சைக்கிளின் எடை ஏறக்குறைய 20 கிலோகிராம். பதினான்கு வயதுப் பெண் அதை மேட்டில் மிதிக்கவும், மழைக்காலத்தில் சேற்றிலிருந்து தூக்கவும் வேண்டியிருக்கின்றது. எடையைக் குறைக்க அலுமினியத்திற்கு மாறுக என்போர் உளர். நல்லெண்ணமே எனினும் இஃது அவசர முடிவு. கிராமத்துப் பட்டறையில் பழுதுபார்க்க இயலாத சட்டம் அப்பெண்ணுக்கு உதவாது. நுனி தடித்த எஃகுக் குழாயும் ஒழுங்கான பித்தளைப் பற்றும் அமைந்த சட்டம், பழுதுபார்க்கும் வசதியை இழக்காமலே எடையைக் குறைக்கும். அதற்கான தொழில் அடிப்படை நம்மிடம் இல்லாததன்று. ரெய்னால்ட்ஸ் நிறுவனத்தைத் தன்னுள் கொண்டிருந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தின் கூட்டுறவோடுதான் 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. ஆவடியில் 1955இல் குழாய் ஆலையும் எழுந்தது.

விலை கூடுமே என்ற ஆட்சேபம் நியாயமானது; கூடத்தான் செய்யும். சட்டம் மட்டும் இலேசானாற் போதாது, சக்கரமும் காரியரும் ஸ்டாண்டும் சங்கிலி மூடியும் கனமாகவே இருக்கின்றனவே என்பதும் உண்மை. ஆகவே கொள்முதல் விதிகளில் உலோகத்தின் பெயரை எழுதுவதை விடுத்து, முழு வண்டியின் எடைக்கு ஒரு மேல்வரம்பையும், மூட்டுகள் தாங்க வேண்டிய மீள்சுமைச் சோதனையையும் எழுதுதல் தக்கது. எம்முறையால் அதை நிறைவேற்றுவது என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்யட்டும்.

ஆசிரியர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பழைய இரும்புக் கடையில் உடைந்த சைக்கிள் சட்டம் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கும். தலைக்குழாய் மூட்டை ரம்பத்தால் நெடுக அறுத்துக் காட்டினால், லக்கிற்கும் குழாய்க்கும் நடுவே பித்தளை மஞ்சள் கோடாக ஓடியிருப்பதும், சில இடங்களில் ஓடாமல் நின்றிருப்பதும் கண்ணுக்குப் புலனாகும். பின்னர் மேற்குழாயை மூன்றாகத் துண்டித்து, திருகு அளவியை மாணவரிடம் கொடுத்து, நுனித் துண்டின் சுவரையும் நடுத்துண்டின் சுவரையும் அளக்கச் சொல்லலாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே அளவாகவே இருக்கும்.