பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோமா?



கோடை விடுமுறை நெருங்குகிறது. உங்களில் பலர் பிள்ளைகளோடு கடற்கரைக்கும் மலைக்கும் செல்ல ஆயத்தமாகிறீர்கள். பிரயாணத்திற்காக ஜெபிக்கும்படி கேட்கிறீர்கள், மகிழ்ச்சியோடு ஜெபிக்கிறேன். ஆயினும் ஜெபித்து முடித்தபின் நீங்கள் செய்யவேண்டிய ஒன்று உண்டு. அதைப் போதகனாக மட்டுமல்ல, ஒரு தகப்பனாகவும் எழுதுகிறேன்.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11, புதன்கிழமை. உயிர்த்தெழுதல் பண்டிகையை ஆசரித்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசித்தோம். அன்று மாலை மெரினாவுக்கு அழைத்துச் செல்வதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பிற்பகல் இரண்டு மணி கடந்தபின் கட்டில் மெல்ல அசைந்தது. நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி ஊஞ்சல்போல் ஆடியது. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்திருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

அந்தக் கணத்தில் நாவில் ஜெபம் வந்தது; ஆனால் செய்யவேண்டியது இன்னதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி ஓடினேன். எட்டு வயது மகள் என் கையைப் பிடித்து நிறுத்தி, “அப்பா, பூமி ஆடும்போது லிஃப்ட்ல போகக் கூடாது, டீச்சர் சொன்னாங்க” என்றாள். சபைக்கு வழிகாட்ட அழைக்கப்பட்ட நான், அவளுக்குப் பின்னே படிக்கட்டில் இறங்கினேன்.

சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆனால் அன்று நிலத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நகர்ந்தன. கடற்படுகை பெரிதாக உயராததால் பேரலை எழவில்லை. கர்த்தரை ஸ்தோத்திரித்தோம். அதன்பின் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். ஏறக்குறைய ஓராண்டு காலம் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துச் செல்லவில்லை. கேட்டபோதெல்லாம் வேலையைக் காரணம் காட்டினேன். உண்மையில் என்னைத் தடுத்தது அச்சமே.

அந்த அச்சத்தின் வேர் 2004-இல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே பூமி அதிர்ந்தது. சென்னையிலும் பலர் அதை உணர்ந்தனர். பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலானது. ஆனால் அந்த அதிர்வுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மெரினாவில் நடைபயின்றோரும், வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தோரும் ஒன்றும் அறியாமல் கரையில் நின்றனர்.

அதே நாளில் வேறு இரண்டு இடங்களில் நடந்ததைப் பாருங்கள். தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். சில நாட்களுக்கு முன்புதான் பள்ளியில் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். அவள் அலறியதைத் தகப்பன் அலட்சியப்படுத்தாமல் காவலாளியிடம் சொன்னார். கரையில் இருந்தவர்கள் வெளியேறிப் பிழைத்தார்கள். நிலநடுக்க மையத்திற்கு அருகிலுள்ள சிமெலுவே தீவிலோ, 1907-இல் நேர்ந்த பேரழிவைப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பூமி ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அந்தப் பாடம். 70,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் 7 பேர் என்று பதிவாகியுள்ளது.

இறந்துபோனவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைக் குறித்து அப்படி எண்ணியவர்களுக்கு இயேசு இடங்கொடுக்கவில்லை. வேறுபாடு விசுவாசத்தில் அல்ல, சொல்லிக்கொடுத்ததில் இருந்தது. யோர்தானைக் கடந்த ஜனங்கள் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதும், பின்வரும் பிள்ளைகள் கேட்கும்போது நடந்ததைச் சொல்லுவதற்காகவே அல்லவா? பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது அவிசுவாசம் அன்று. அது பெற்றோரின் ஊழியம்.

ஆகையால், பிரியமானவர்களே, பயந்து வீட்டில் அடைபட்டிராதீர்கள். பிள்ளைகளோடு செலவிடும் ஒரு மாலைப்பொழுதும் கர்த்தர் தந்த ஈவே. ஆனால் புறப்படுமுன் பத்து நிமிடம் அவர்களோடு உட்காருங்கள். அதிர்வின்போது உறுதியான மேசையின் கீழ் ஒடுங்கித் தலையைக் காத்துக்கொள்ளவும், அது நின்றபின் படிக்கட்டு வழியாக இறங்கவும் சொல்லுங்கள். கரையில் நிற்கையில் பூமி பலமாகவோ நெடுநேரமோ அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், வேடிக்கை பார்க்காமல் உயரமான இடத்திற்கு ஓடச் சொல்லுங்கள். முதல் அலையோடு ஆபத்து முடிவதில்லை என்பதையும் சொல்லுங்கள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். அவர்கள் உங்களுக்குச் சொல்வதையும் செவிகொடுத்துக் கேளுங்கள்.

ஓராண்டுக்குப்பின் நாங்கள் மெரினாவுக்குப் போனோம். மணலில் அமர்ந்து இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினேன். நான் மறந்துவிட்ட ஒன்றை மகள் எடுத்துச் சொன்னாள். பிறகு நால்வரும் கைகோத்து அலையில் கால் நனைத்தோம்.

கர்த்தர் உங்கள் பிரயாணங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காத்தருள்வாராக. ஆமென்.