ஓகே ஜாஸ்: ஆட மட்டும் இல்லை

கொங்கோ இசையை 'டான்ஸ் மியூசிக்' என்ற ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது சுகமான வேலை. சுகூஸ் கேட்டால் கால் தானாக ஆடும், அதில் பிழை இல்லை. ஆனால் ஓகே ஜாஸ் குழுவை அப்படி மட்டும் கேட்டால் பாதியைத் தவறவிடுகிறோம் என்பதுதான் எங்கள் கருத்து.

1956இல் லெயோபோல்ட்வில் நகரில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், தொடங்கிய குழு இது. வாசித்த மதுச்சாலையின் பெயர் ஓகே பார். அதுவே குழுவின் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. கிட்டார் வாசித்த ஃபிராங்கோ லுவாம்போவுக்கு அப்போது 18 வயதுகூட நிரம்பவில்லை. அடிமைக் கப்பல்களில் ஆபிரிக்காவை விட்டுப்போன தாளங்கள் கியூபாவில் ரும்பாவாகி, இசைத்தட்டில் வீடு திரும்பியிருந்த காலம். அதை இவர்கள் லிங்கால மொழியில் தங்களுடையதாக்கினார்கள்.

பாட்டின் முதல் பாதி ஆறுதலாகக் கதை சொல்லும். பிறகு 'செபென்' வரும். குரல்கள் ஒதுங்க, கிட்டார்கள் ஒன்றையொன்று பின்னிச் சுழலும். ஆட்டம் அங்கேதான். ஆனால் ஊர்க் கதை, வீட்டுச் சண்டை, காசு, துரோகம் எல்லாம் அந்த முதல் பாதியில்தான் கிடக்கு.

அதிகாரத்துக்கும் அது விளங்கியிருந்தது. 1966இல் மொபுட்டு நான்கு அரசியல்வாதிகளைப் பொதுவெளியில் தூக்கிலிட்டார். பெயர் சொல்லாமல் அதைத் தொட்டு ஃபிராங்கோ பாடிய பாட்டுத் தடை செய்யப்பட்டது. 1978இல் ஆபாசப் பாடல்கள் என்று சொல்லி அவரைச் சிறையில் போட்டார்கள். அதே ஃபிராங்கோதான் 1984இல், மொபுட்டு மட்டுமே போட்டியிட்ட தேர்தலில் அவருக்கு வாக்குக் கேட்டும் பாடினார்.

அப்ப இவரை என்ன செய்வது? 'பயத்தில் பாடினார்' என்று கழுவிவிடவும் எங்களுக்கு விருப்பமில்லை, 'அரசின் ஆள்' என்று தூக்கி எறியவும் விருப்பமில்லை. அந்த ஆட்சியால் அவருக்கு இலாபமும் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் 1987இல், பல அரசுகள் எயிட்ஸ் பற்றி வாய் திறக்கத் தயங்கிய நேரத்தில், அதற்கென்றே ஒரு நீண்ட எச்சரிக்கைப் பாட்டைச் செய்தவரும் அவர்தான். இரண்டு வருடத்தில் அவர் இறந்தபோது நாடு நான்கு நாள் துக்கம் காத்தது.

கலைஞரை ஒன்றில் வீரர், இல்லையென்றால் விலைபோனவர் என்று பிரிப்பது எங்களுக்கு வேலையைச் சுலபமாக்கும், அவ்வளவுதான். புகழ்பாடிய பாட்டையும் தடைசெய்யப்பட்ட பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான், ஒற்றை ஆள் ஆட்சியில் ஒரு இசைக்குழு எப்படி உயிர் வாழ்ந்தது, அதுக்கு என்ன விலை கொடுத்தது என்று தெரியவரும்.

தொடங்க விரும்பினால் 1985இல் வந்த 'மரியோ'வைப் போடுங்கோ. வயதில் மூத்த பெண்ணின் காசில் வாழும் படித்த இளைஞனின் கதை. பத்து நிமிடத்துக்கு மேல் போகும். செபெனுக்குத் தாவாமல் முதலிலிருந்து கேளுங்கோ. பிறகு ஆடலாம்.